ஊரும் குடமும்

அடுத்த திருப்பத்தில் வலது பக்கம், ஷெல்மவுண்ட் ஸ்ட்ரீட் என்றது கைப்பேசிக் குரல். அண்ணன் மகள் காரைத் திருப்பினாள். கலிபோர்னியாவில் ஓக்லண்டுக்கும் பெர்க்லிக்கும் நடுவே எமரிவில் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருக்கும் ஐக்கியா கடைக்குப் புத்தக அலமாரி வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். ஷெல் என்றால் சிப்பி, மவுண்ட் என்றால் மேடு. கண்ணுக்கு எட்டியவரை மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை, வண்டிகள் நிறுத்துமிடம், பெரிய வணிக வளாகம், அதற்கப்பால் விரிகுடாவின் சாம்பல் நிறத் தண்ணீர்.

“இங்க ஏதும்மா மேடு?” என்றேன்.

“தெரியல சித்தப்பா. சும்மா ஒரு பேரு.”

சும்மா வைத்த பேரில்லை என்பது வீட்டுக்கு வந்து படித்தபோது தெரிந்தது. அறுபது அடி உயரமும் 350 அடி குறுக்களவும் கொண்ட சிப்பி மேடு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அந்த மண்ணுக்குரிய ஒலோனி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று போட்ட சிப்பி, அடுப்புச் சாம்பல், அவற்றுக்கு நடுவே அவர்கள் புதைத்த சொந்தங்கள், எல்லாம் சேர்ந்து எழுந்த மேடு. 1876இல் அதைச் சுற்றிக் கேளிக்கைப் பூங்கா வந்தது. மேட்டின் உச்சியில் நடனக் கூடம் கட்டினார்கள். 1924இல் மேட்டைச் சமமாக்கினார்கள். பிறகு வண்ணப்பொடி செய்யும் ஆலை. 2002இல் வணிக வளாகம். அதற்காகத் தோண்டியபோதும் எலும்புகள் வந்துகொண்டே இருந்தன. 1909இல் நெல்ஸ் நெல்சன் என்ற தொல்லியலாளர் விரிகுடாவைச் சுற்றி வந்து எண்ணி எழுதிய மேடுகள் ஏறத்தாழ 425. இன்று பெரும்பாலானவற்றின் மேல் தெருவோ கட்டடமோ தார்ப்பரப்போ இருக்கிறது. எமரிவில்லில் மேட்டின் பெயர் மட்டும் பச்சைப் பலகையில் நிற்கிறது.

அலமாரியைப் பூட்டி முடித்த வாரம், நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ரென்யா ராமிரெஸ் எழுதி 2007இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘நேட்டிவ் ஹப்ஸ்’. இதே விரிகுடாவின் தென்கோடியில், நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாய்ப் போய்ச் சேர்ந்திருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வாழும் அமெரிக்கத் தொல்குடி மக்களைப் பற்றிய ஆய்வு. எழுதியவரும் அவர்களில் ஒருவர்.

*

இந்த மக்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே கை நின்றுவிடுகிறது. செவ்விந்தியர் என்று பள்ளியில் படித்தோம். கொலம்பஸின் திசைக் குழப்பமும் வெள்ளையரின் தோல் கணக்கும் கூடிப் பெற்ற பிள்ளை அந்தச் சொல். அதை விட்டுவிட்டு இப்போது பூர்வகுடி என்கிறோம், தொல்குடி என்கிறோம், பழங்குடி என்கிறோம், ஆதிவாசி என்கிறோம். மரியாதையான சொற்கள்தான். ஆனால் பூர்வம், தொல், பழம், ஆதி நான்குமே முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கிற சொற்கள். ‘நகரத்துப் பூர்வகுடி’ என்று எழுதிப் பார்த்தால் ஏதோ எழுத்துப்பிழைபோல இருக்கிறது. காது அப்படிப் பழகிவிட்டது.

என் காதைப் பழக்கியதில் சிவகாசிக்குப் பங்கு உண்டு. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதைகளைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த தலைமுறை எங்களுடையது. இத்தாலியர்கள் உருவாக்கிய அந்தத் துப்பாக்கி வீரன் நவஹோ மக்களுக்குத் தலைவனும்கூட. இரவுக் கழுகு என்று பெயர். எங்களுக்கு நவஹோ என்றால் குதிரை, பாறை, புகைச் சைகை. ஆனால் 1965 முதல் 1975 வரை, நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் என்னும் இடத்தில், நவஹோ நிலத்துக்குள்ளேயே, ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனம் ஓர் ஆலை நடத்தியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்குக்காக அவர்கள் சில்லுகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள். நவஹோ கம்பள நெசவையும் சில்லின் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1969இல் நிறுவனம் ஒரு விளம்பர ஏடுகூட அச்சிட்டது. கை நயம் பரம்பரை என்று புகழ்ந்து கூலியைக் குறைவாகவே வைத்துக்கொள்வது எந்த நாட்டுக்கும் புதிதில்லை.

1940இல் அமெரிக்கத் தொல்குடிகளில் நகரத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இன்று பத்தில் ஏழு பேர் நகரவாசிகள். அவர்களைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படம் மிச்சமுள்ள மூன்று பேருடையதுகூட இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தியது.

சான் ஹோசேயில் ஒரு நாள் அண்ணன் மகள் ஒரு பலகையைக் காட்டிச் சிரித்தாள். இந்தியன் ஹெல்த் சென்டர். “வந்த புதுசுல நம்மாளுங்க ஆஸ்பத்திரின்னு நெனச்சு, போன் பண்ணலாமான்னு பாத்தேன் சித்தப்பா.” அதே ஊரில் இந்தியர் என்ற சொல்லை இப்போது பெரும்பாலும் நாம் அனுபவிக்கிறோம். கொலம்பஸ் தப்பாகக் கொடுத்த பெயரையும் நாம் வந்து வாங்கிக்கொண்டோம்.

*

பத்தில் ஒருவர் பத்தில் ஏழு பேரானது தானாக நடந்ததில்லை. 1950இல் இந்தியர் விவகாரப் பணியகத்துக்கு ஆணையராக வந்தவர் டில்லன் மையர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களை நிர்வகித்த துறைக்குத் தலைவராக இருந்தவர். ஆட்களை இடம் பெயர்ப்பதில் அவருக்கு முன்அனுபவம் உண்டு. 1952இல் நகரக் குடியமர்த்தல் திட்டம் வந்தது. 1953இல், பழங்குடிகளுக்கும் கூட்டரசுக்கும் இருந்த சிறப்பு உறவை ஒவ்வொன்றாக முடித்துவிடுவது என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 1956இல் தொழிற்பயிற்சிக்கான சட்டம். சிகாகோ, டென்வர், லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், சான் ஹோசே, டல்லஸ், கிளீவ்லண்ட். தொல்குடிகளுக்கென்று அரசு பிரித்துவைத்த ஒதுக்கு நிலங்களின் அலுவலகச் சுவர்களில் இந்த நகரங்களைப் பற்றிய சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. நல்ல வேலை, நல்ல வீடு, சிரிக்கும் குடும்பம். போவதற்கு மட்டும் பயணச்சீட்டு. இறங்கிய பிறகு சில வாரங்களுக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவி. அதற்குப் பிறகு அவரவர் பாடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வந்தார்கள்.

நிலம் கையை விட்டுப் போகும், மொழி வாயை விட்டுப் போகும், இரண்டு தலைமுறையில் எல்லாரும் வெறும் அமெரிக்கர் ஆகிவிடுவார்கள், அரசுக்கு இந்தியர் என்ற செலவுக் கணக்கே இருக்காது. இதுதான் எண்ணம்.

1956இல் ஓக்லஹோமாவின் மலைக்காட்டுக் கிராமத்திலிருந்து ஒரு செரோக்கி குடும்பம் ரயிலேறி சான் ஃபிரான்சிஸ்கோ வந்தது. மலிவு வாடகை விடுதிகளும் மதுக்கடைகளும் நிறைந்த டெண்டர்லாயின் பகுதியில் அவர்களை ஒரு விடுதியில் இறக்கிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துச் சிறுமிக்குப் பதினொரு வயது முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. சுவரில் ஒரு கதவு திறப்பதையும், சிலர் உள்ளே போவதையும், கதவு மூடித் திறந்தால் வேறு ஆட்கள் வெளியே வருவதையும் அவள் பார்த்தாள். மின்தூக்கியை அவள் அதுவரை கண்டதில்லை. ராத்திரி தெருவில் சைரன் ஊளையிட்டபோது ஏதோ காட்டு விலங்கு கத்துகிறது என்று பயந்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவில் அவள் குடும்பப் பெயரை வாசித்தால் வகுப்பே சிரித்தது. வில்மா மேன்கில்லர் என்பது அவள் பெயர். பின்னாளில் ஓக்லஹோமாவுக்கே திரும்பிப் போய், 1985இல் செரோக்கி தேசத்தின் முதல் பெண் முதன்மைத் தலைவராகி, பத்தாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கரைந்துபோக அனுப்பப்பட்ட பிள்ளை தலைவியாகத் திரும்பிப் போனது எப்படி? நகரத்தில் நடுவில் என்ன இருந்தது? தன் சுயசரிதையில் அவர் சொல்லும் இடங்களில் ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ மிஷன் பகுதியிலிருந்த இந்தியர் மையம். பள்ளிக்கூடத்தில் யாராகவும் இல்லாத சிறுமி அந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒருத்தியாகிவிடுவாள்.

*

ராமிரெஸின் ஆய்வு அந்தக் கட்டடத்துக்குள்தான் நுழைகிறது. கட்டடத்தோடு நின்றுவிடவும் இல்லை.

அவர் ஹோச்சங்க் இனத்தவர்; நெப்ராஸ்காவின் வின்னிபேகோ பழங்குடியின் பதிவு பெற்ற உறுப்பினர். சான்டா குரூஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தவர். தாத்தா ஹென்ரி ரோ கிளவுட் 1910இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஒதுக்கு நிலங்களின் அவலத்தை நாட்டுக்கு எடுத்துச் சொன்ன 1928ஆம் ஆண்டு மெரியம் அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர். அம்மா வோஷா கிளவுட் நார்த், அல்கட்ராஸ் தீவைத் தொல்குடிகள் கைப்பற்றியிருந்தபோது அங்கே நடந்த பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஆக, ‘நகரத்து இந்தியர்கள் தம் அடையாளத்தை இழந்தார்களா?’ என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்த பழைய மானிடவியலாளர்களுக்கு முன்னால் இவர் பதிலாகவே உட்கார்ந்திருந்தார். கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

மாற்று இவருடைய அறையில் பிறக்கவில்லை. சான் ஹோசே வட்டாரத்தில் தொல்குடி மக்களை ஒன்று கூட்டி அமைப்பு நடத்திய லவர்ன் ராபர்ட்ஸ் என்ற பையூட் இனப் பெண்மணி தந்த உவமை அது. நகரத்தில் நாங்கள் கூடும் இடம் சக்கரத்தின் ஹப் மாதிரி. அங்கிருந்து ஆரங்கள் எங்கள் எங்கள் ஊர்களுக்குப் போகின்றன. ஊரிலிருந்து சேதி வருகிறது. இங்கே பேசிப் பிறந்த யோசனை ஊருக்குப் போகிறது. போய் வருகிறோம், வந்து போகிறோம். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கேட்டதைத் தன் கோட்பாடாக வைத்துக்கொள்ளாமல், யார் சொன்னது என்று பெயரோடு எழுதி அதன் மேல் ராமிரெஸ் புத்தகத்தைக் கட்டினார். ஆய்வு நேர்மை என்று நாம் பேசுவது இப்படி ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஹப் என்பதற்கு அகராதியில் மையம் என்று இருக்கும். மையம் என்றதும் வட்டாட்சியர் அலுவலகம் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்த் தச்சரைக் கேட்டிருந்தால் குடம் என்று சொல்லியிருப்பார். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குத் தமிழில் குடம் என்றுதான் பெயர். பள்ளி விட்டு வரும் வழியில் அவர் பட்டறை. கருவேலங்கட்டையைக் கடைந்து, வயிறு பருத்த குடமாக்கி, அதைச் சுற்றித் துளை போட்டு ஆரக்கால்களை ஒவ்வொன்றாக அடித்து இறக்குவார். குடத்தின் நடுவில் ஒன்றும் இருக்காது, ஓட்டை. அச்சு அதற்குள் போக வேண்டும். நிறைந்திருந்தால் சக்கரம் சுற்றாது. பானைக்கும் அதற்கும் ஒரே பேர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

ஊருக்கும் குடத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊர் போட்ட இடத்தில் கிடக்கும்; நாம்தான் விட்டுப் போகிறோம். குடம் வண்டியோடு கூடவே வரும். சக்கரம் எந்த மண்ணில் உருண்டாலும் அதற்கு நடு அங்கேயே இருக்கிறது. சேலத்துக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் நடுவை ஊரிலேயே வைத்துவிட்டு வந்த சக்கரம் என்று ஒன்று கிடையாது. ராமிரெஸ் இருநூறு பக்கத்துக்கு மேல் சொல்வதைத் தச்சர் பட்டறையில் நின்று இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

*

அந்தக் குடங்கள் எங்கெங்கே இருக்கின்றன? ஓக்லண்டில் 1955இல் குவேக்கர் சேவை அமைப்பின் உதவியோடு தொடங்கிய ‘இன்டர்டிரைபல் ஃபிரெண்ட்ஷிப் ஹவுஸ்’ ஒன்று. பல இனத்தவர் கூடும் வீடு. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு அங்கே பேர்போனது. நவஹோவும் லகோட்டாவும் போமோவும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒதுக்கு நிலத்தில் இருந்திருந்தால் இவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் நம்மாளுக்கு வீடு கொடுப்பார், ஊரில் யார் செத்தார்கள், சாவுக்குப் போக யார் வண்டி கிளம்புகிறது, எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

இடமாக இருப்பவை மட்டும் குடம் இல்லை என்கிறார் ராமிரெஸ். வார இறுதியில் ஒரு விளையாட்டரங்கத்தில் பறை முழங்க நடக்கும் பவ்வாவ் ஆட்ட விழா, திங்கட்கிழமை காலையில் இருக்காது. ஆனால் அடுத்த விழாவரை அதன் பிடி விடாது. சூடேற்றிய கற்களில் நீர் தெளித்து ஆவியில் அமர்ந்து வேண்டிக்கொள்ளும் வியர்வைக் குடில் ஒரு குடம். வீட்டுக்கு வரும் இனத்துச் செய்தித்தாள், தொலைபேசியில் பாட்டி சொல்லும் கதை, மின்னஞ்சலில் ஓடும் சேதிகூடக் குடம்தான். தொட்டுப் பார்க்க முடியாத குடங்கள் என்று இவற்றை அவர் தனியே பிரிக்கிறார். இவற்றைச் சுழற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் அவர் விடாமல் கவனிக்கிறார். நாற்காலி போடுவது, அடுப்பு மூட்டுவது, வராதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது. மேடையில் பேசிய தலைவர்கள் வரலாற்றில் இருப்பார்கள். மேசை போட்டவர்கள் இப்படிப்பட்ட ஆய்வு ஒன்று வந்தால்தான் தெரிவார்கள்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த துணிவு ஒன்று உண்டு. மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்த மிக்ஸ்டெக், சபொடெக் மக்களையும் அவர் இந்த வட்டத்துக்குள் கொண்டுவருகிறார். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிக்கு அவர்கள் ஆவணம் இல்லாத மெக்சிகர்கள். அவர்களோ மெக்சிகோ என்ற நாடும் அமெரிக்கா என்ற நாடும் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கண்டத்தின் மக்கள். கண்டத்துக்கே சொந்தக்காரர்களிடம், நேற்றுப் போட்ட கோட்டைக் காட்டிச் சீட்டு எங்கே என்று கேட்கிறது அரசு. ஒரே கூட்டத்தில் பையூட் பெண்ணும் மிக்ஸ்டெக் பெண்ணும் உட்கார்ந்து பேசும்போது, ‘இந்தியர்’, ‘மெக்சிகர்’ என்று அரசு ஒட்டிய சீட்டுகள் கழன்று விழத் தொடங்குகின்றன.

*

தச்சர் பட்டறையில் எல்லாப் பிள்ளைகளும் காத்திருப்பது கடைசி நாளுக்காக. வரட்டி அடுக்கித் தீமூட்டி, அதில் இரும்புப் பட்டையைச் சிவக்கப் போடுவார்கள். சூட்டில் பட்டை விரியும். நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், உடனே குடம்குடமாகத் தண்ணீர். சீறிக்கொண்டு இரும்பு சுருங்கும்போது உள்ளே ஆரக்கால்கள் கிரீச்சென்று குடத்துக்குள் இறுகும். அதுவரை ஆட்டினால் ஆடிக்கொண்டிருந்தது அதற்குப் பிறகு ஒரே உடம்பு.

குடியமர்த்தல் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சத்தம்தான் கேட்கிறது. எத்தனையோ இனங்களை நகரத்தில் கொண்டுவந்து கரைக்கப் பார்த்தார்கள். வறுமை, வாடகை, போலீஸ் எனச் சுற்றிலும் இறுகிய பட்டை அவர்களை ஒன்றாக்கியது. 1969 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ இந்தியர் மையம் தீயில் எரிந்துபோனது. இருந்த ஒரு கூடமும் போனது. அடுத்த மாதம், நவம்பர் 20ஆம் தேதி, பல இனத்து இளைஞர்கள் படகேறி, கைவிடப்பட்ட சிறைத்தீவான அல்கட்ராஸில் போய் இறங்கினார்கள். எங்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்றார்கள். மன்ஹாட்டன் தீவை வெள்ளையர் வாங்கியதாகச் சொல்லப்படும் விலையான 24 டாலரைக் கண்ணாடி மணியாகவும் சிவப்புத் துணியாகவும் தருகிறோம் என்று அறிவித்தார்கள். அந்தக் கிண்டலில் முந்நூறு ஆண்டு வரலாறு இருந்தது. 1971 ஜூன் 11 வரை, பத்தொன்பது மாதம் பிடித்திருந்தார்கள். தீவு கிடைக்கவில்லை. இனங்களின் சிறப்பு உறவை முடிக்கும் கொள்கையை 1970இல் குடியரசுத் தலைவர் நிக்சன் வெளிப்படையாகவே கைவிட்டார். வில்மா மேன்கில்லருக்கு அந்தப் பத்தொன்பது மாதம்தான் அரசியல் பள்ளிக்கூடம்.

அதற்காக இரும்புப் பட்டைக்கு நன்றி சொல்ல முடியாது. இறுகியபோது தெறித்துப்போன ஆரக்கால்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. குடியில் விழுந்தவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்பப் பயணச்சீட்டுக்குக் காசில்லாமல் நகரத்துத் தெருவில் முடிந்தவர்கள் உண்டு.

*

இனி, யார் அசல் என்ற கேள்வி. நகரத்தில் பிறந்து, மொழி தெரியாமல், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எப்படி அசல் ஹோச்சங்க் ஆவார்? ஒதுக்கு நிலத்தில் இருப்பவர்தானே அசல்?

இங்கே ஹோச்சங்க் மக்களின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. அவர்கள் மண் விஸ்கான்சின். அங்கிருந்து அயோவாவுக்குத் துரத்தினார்கள், பிறகு மினசோட்டாவுக்கு, 1863இல் தெற்கு டகோட்டாவின் குரோ கிரீக்குக்கு. அங்கே பசியில் செத்தது போக மிஞ்சியவர்கள் மிசௌரி ஆற்றில் இறங்கித் தப்பி வந்து, 1865இல் கிடைத்த இடம்தான் நெப்ராஸ்கா ஒதுக்கு நிலம். துரத்தத் துரத்த விஸ்கான்சினுக்கே நடந்து திரும்பியவர்களும் உண்டு. செரோக்கிகளின் ஓக்லஹோமாவும் 1838இல் தென்கிழக்கிலிருந்து துரத்தப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடம். ஆக, நகரத்துக்காரனைப் பார்த்து ஒதுக்கு நிலம்தான் அசல் என்று சொல்கிறவர்கள், முந்தைய துரத்தல் முடிந்த இடத்தையே தொடக்கம் என்கிறார்கள். தமிழில் ஊர் என்பதைப் பெயராக வைத்தால் நிலையாக நிற்கிறது. வினையாக்கினால் ஊர்ந்து போகத் தொடங்குகிறது. இந்த மக்களுக்கு வரலாறு வினையை மட்டும் கொடுத்தது. பெயரை அவர்களே விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியாள் மட்டுமே கோடு போடுகிறான் என்றும் சொல்லிவிட முடியாது. நியூ மெக்சிகோவின் சாண்டா கிளாரா புவெப்ளோவில் 1939இல் ஒரு விதி செய்தார்கள். வெளியினப் பெண்ணைக் கட்டிய ஆணின் பிள்ளைகள் உறுப்பினர்கள். வெளியினத்தானைக் கட்டிய பெண்ணின் பிள்ளைகள் இல்லை. நவஹோ ஒருவரை மணந்த ஜூலியா மார்ட்டினெஸ் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம், யார் உறுப்பினர் என்பது பழங்குடியின் உரிமை, நாங்கள் தலையிட மாட்டோம் என்றது. இறையாண்மை வென்றது, அம்மா தோற்றாள். அவள் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே வளர்ந்து அந்த மொழியையே பேசினார்கள். தொல்குடிப் பெண்ணியத்தைப் பற்றி எழுதும்போது ராமிரெஸ் இந்த முள்ளைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. இனத்தின் உரிமையா, பெண்ணின் உரிமையா என்று தராசில் வைப்பதே தவறு, பெண் இல்லாமல் எந்த இனம் என்பது அவர் நிலை. நமக்கும் சாதிச் சான்றிதழ் தெரியும், அப்பா பெயர் போடும் கட்டம் தெரியும். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அசல் கேள்வியின் மிகக் கசப்பான முனை சான் ஹோசேயிலேயே இருக்கிறது. பையூட்டும் லகோட்டாவும் நவஹோவும் வந்து குடம் அமைத்த அந்த மண் காலியாக இருந்த மண் இல்லை. அது ஒலோனி மக்களின் மண். 1770களில் ஸ்பானியப் பாதிரிகள் மிஷன்களை எழுப்பியபோது தொடங்கிய அழிவில் மிஞ்சியவர்கள் அவர்கள். 1925இல் மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர் தன் பெரிய கையேட்டில் இவர்கள் அநேகமாக அற்றுப்போய்விட்டார்கள் என்று எழுதிவைத்தார். அப்போது அவர்களின் பாட்டிகள் அதே விரிகுடாவில் மொழியாய்வாளர்களுக்குச் சொற்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1927இல் அரசுப் பட்டியலிலிருந்தும் பெயர் போனது. முவெக்மா ஒலோனி என்ற பெயரில் அவர்கள் மறுபடி அங்கீகாரம் கேட்டு மன்றாடினார்கள். 2002இல் அரசு மறுத்தது. இடம் பெயர்ந்து வந்த நகரத்து இந்தியருக்கு எங்கோ ஓர் ஒதுக்கு நிலமும் உறுப்பினர் அட்டையும் உண்டு. ஒரு நாளும் இடம் பெயராத ஒலோனிக்கு இரண்டும் இல்லை. சொந்த ஊரிலேயே ஊரற்றவர்கள். அட்டை வைத்திருக்கும் தொல்குடிகளே சிலசமயம், நீங்கள் உண்மையில் இந்தியரா என்று அவர்களைக் கேட்டதுண்டு என்பதையும் ராமிரெஸ் மறைக்கவில்லை. துரத்தப்பட்டவன் இன்னொருவன் வீட்டுக்குள் வந்து நிற்கிறான். வீட்டுக்காரன் யார் என்று தெரிந்துகொள்வதே விருந்தாளிக்கு முதல் மரியாதை. புத்தகத்தின் நடுவில் இதை எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். எழுதுவது தன் மக்களைப் பற்றி.

*

குடத்தை இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு பயமும் வருகிறது. அடையாளம் கூடவே வரும், எங்கும் கூடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் நிலத்தைக் கேட்பானேன் என்று அரசு திருப்பிக் கேட்காதா? எல்லாம் மனத்திலே இருக்கிறதே, மேடு எதற்கு?

தச்சரின் பட்டறைக்கே திரும்பிப் போகிறேன். குடம் கூட வரும், உண்மை. ஆனால் தொங்கவிட்ட சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் ஓரடி நகராது. அழுத்த மண் வேண்டும். ராபர்ட்ஸின் உவமையிலும் ஆரங்கள் வெளியில் நீண்டு ஏதோ ஒரு நிலத்தைத் தொடுகின்றன. நிலத்தை விட்டுக்கொடுக்க அல்ல, விட்டுப் போன பிறகும் விடாமல் இருக்கத்தான் குடம்.

எமரிவில் வணிக வளாகத்தின் முன்னால் ஒவ்வோர் ஆண்டும் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், தள்ளுபடிக்குக் கூட்டம் முண்டும் நாளில், ஒலோனிகள் வந்து நிற்கிறார்கள். இங்கே வாங்காதீர்கள், எங்கள் முன்னோர்மேல் நிற்கிறீர்கள் என்கிறார்கள். அவர்களோடு நிற்பவர்களில் வேறு வேறு இனத்து நகரத் தொல்குடிகளும் உண்டு. வளாகம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்தில் பெர்க்லியில், இன்னும் பழமையான மேடு ஒன்று இருந்த இடம் ஒரு வாகன நிறுத்தமாகக் கிடந்தது. 2.2 ஏக்கர் தார். பல ஆண்டு வழக்குக்கும் போராட்டத்துக்கும் பிறகு 2024இல் அது தொல்குடிப் பெண்கள் முன்னின்று நடத்தும் சொகோரியா தே நில அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கே போகலாமா என்று அண்ணன் மகளைக் கேட்டேன். “என்ன இருக்கு சித்தப்பா அங்க?” என்றாள். தார் இருக்கிறது, வெள்ளைக் கோடு போட்ட கட்டங்கள் இருக்கின்றன, சுற்றிலும் கம்பிவேலி. அதற்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சும்மா நின்றோம். ரயில் ஒன்று போயிற்று. வேலிக் கம்பியில் யாரோ சிவப்புத் துணி முடிச்சு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது எமரிவில் வழியாக வந்தோம். கைப்பேசி மறுபடியும் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னது. இந்தமுறை அவள் ஒலியைக் குறைத்துவிட்டு, பலகையைத் தானே ஒருதரம் வாய்விட்டுப் படித்தாள்.